பாதம் தூக்க மறுக்கும்போது: அக்குபங்சர் எங்கே கைகொடுக்கும்

கால் பலவீனம் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கோளாறு இருப்பதில்லை. சென்னையை அடுத்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து மக்கள் தங்கள் காலைப் பற்றிச் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். "தெருவுல ஒரு செருப்பு கழண்டு விழுந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல" என்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் பல வருடச் சர்க்கரை இருக்கும். "சமதரையிலேயே கட்டைவிரல் தடுக்குது" என்பவருக்குப் பாதத்தை மேலே தூக்கும் தசை வலுவிழந்திருக்கிறது. "கண்ணை மூடி முகம் கழுவினா தள்ளாடுது" என்றால், தரையில் பாதம் எப்படி இருக்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போகவில்லை. சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு இரண்டுமே இதைச் செய்யும். "பஸ் படி ஏற முடியல, கீழ உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல" என்பது தொடை, இடுப்புத் தசைகளின் முறையீடு. "தெருமுனை வரைக்கும் நடப்பேன், அப்புறம் கெண்டைக்கால் பிடிச்சுக்கும்" என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சும்மா நின்றாலே சரியாகிவிட்டால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் சரியாகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்புக்கான இடம் சுருங்கியிருக்கலாம்.

இத்தனையையும் ஒரே ஊசி வரிசையால் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். காரணம் தெரிந்த பலவீனத்தில் அக்குபங்சர் நல்ல துணை. காரணம் தெரியாத பலவீனத்தில் அது விலைமதிப்பற்ற காலத்தை விழுங்கிவிடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள்

பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி, குதிகாலால் மட்டும் ஏழெட்டு அடி நடந்து பாருங்கள். ஒரு பாதம் 'தொப்' என்று தரையில் விழுந்தால் அது பாதத் தொய்வு. மருத்துவர்கள் 'ஃபுட் டிராப்' என்பார்கள். அடுத்து முன்விரல்களில் நடந்து பாருங்கள். குதிகால் மேலே எழவில்லை என்றால் கெண்டைக்கால் தசையில் வலு இல்லை. பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். அது முடியவில்லை என்றால் கோளாறு பாதத்தில் இல்லை, மேலே இருக்கிறது.

நான்காவது சோதனை சின்னது, ஆனால் நிறையச் சொல்லும். கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, பெருவிரலைத் தன் பக்கம் மடக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு விரலால் அதை மெல்லக் கீழே அழுத்துங்கள். வயதானவர்களிடம் அடிக்கடி நடப்பது இதுதான். "ஐயா, கட்டைவிரலைத் தூக்குங்க." "தூக்கிட்டுத்தானே இருக்கேன் தம்பி." முகத்தில் முயற்சி தெரியும், தொடைகூட இறுகும், பெருவிரல் மட்டும் அசையாது. அசையாதது அவருக்கே தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் "சோம்பல், காலை இழுத்து இழுத்து நடக்கிறார்" என்று கடிந்துகொண்டிருந்த ஒன்று அந்த நொடியில் வேறு வடிவம் எடுத்துவிடும்.

பெருவிரலைத் தூக்கும் நரம்பு இடுப்புக்கு அருகே முதுகுத்தண்டிலிருந்து புறப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய எலும்பு முண்டைச் சுற்றிக்கொண்டு முன்னங்காலுக்கு வருகிறது. அந்த முண்டை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். அங்கே நரம்பு தோலுக்கு மிக அருகில், எலும்பின் மேலேயே ஓடுகிறது. மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாலும், டைல்ஸ் பதிக்கும் வேலையில் குத்துக்காலிட்டே நாளைக் கழித்தாலும், மாவுக்கட்டு இறுக்கமாக இருந்தாலும், நோயால் உடல் திடீரென்று மெலிந்தாலும் அந்த இடத்தில் நரம்பு நசுங்கும். இதே பாதத் தொய்வு முதுகில் வட்டு பிதுங்குவதாலும் வரலாம். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்வார்கள். அந்த வலு அப்படியே இருந்தால் கோளாறு முழங்கால் அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் குறைந்திருந்தால் முதுகைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணத்தை நம் ஊரில் மறந்துவிடுகிறார்கள். பாதத் தொய்வோடு உடம்பில் எங்கேனும் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்கான கூட்டு மருந்து இலவசம்; முழுமையாகக் குணமாகும் நோய் அது. வெட்கப்பட்டு மறைத்தால் போவது கால்தான்.

ஊசியை மறந்துவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

ஒரு பக்கக் கையும் காலும் திடீரென்று தளர்ந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் உடனே 108 ஆம்புலன்ஸ். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு ஆவடியில் தளர்ந்த கைக்கு, மாலை ஆறு மணிக்கு கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருப்பது கொடுமை. இரண்டு கால்களும் சில நாட்களுக்குள் கீழிருந்து மேலாகத் தளர்ந்துகொண்டே வந்தாலும் அன்றே மருத்துவமனை. அது மூச்சுத் தசையைத் தொடுவதற்கு முன் போக வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போய், உட்காரும் இடம் மரத்துப்போனால் அது அறுவை சிகிச்சைக்கான அவசரம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே ஊசியும் கூடாது, எண்ணெய் நீவுதலும் கூடாது.

அவசரம் இல்லாதவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, தைராய்டு, பி12 ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் நரம்பு மின்கடத்தல் சோதனையும் போதுமான தொடக்கம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை அதைக் குறைக்கும். தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, டிஸ்பென்சரியில் கேட்டு மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். மற்றவர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளில் தொடங்கி, நரம்பியல் பிரிவுக்குக் கீழ்ப்பாக்கம் அல்லது சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்குப் போகலாம்.

அக்குபங்சர் என்ன செய்கிறது

சீனப் போர்க்களத்துக்கு 1938இல் இந்தியாவிலிருந்து போன ஐந்து மருத்துவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் பெயர் பலருக்குத் தெரியும். அதே குழுவில் இருந்த வங்காளி மருத்துவர் பிஜய் குமார் பாசுதான் 1950களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் கற்று, கல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தவர். இந்தச் சிகிச்சை முறை நம் நாட்டுக்குள் ஒரு அலோபதி மருத்துவரின் கை வழியாகவே வந்தது. மருந்தும் ஊசியும் பகை என்று இங்கே சிலர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

கைகால் தளர்ந்து சூம்பிப்போவதைச் சீனப் பழநூல்கள் தனி நோயாகவே வைத்திருந்தன. அதற்கு வயிற்றுக்குரிய தடத்தில் உள்ள புள்ளிகளையே முதலில் எடுக்க வேண்டும் என்பது அவற்றின் நெறி. அந்தத் தடம் முன்னங்கால் எலும்பின் வெளியோரமாக இறங்குகிறது. உடற்கூறு படித்தவர்கள் அந்த இடத்தைப் பார்த்தால், பாதத்தைத் தூக்கும் தசையும் அதற்கான நரம்பும் அங்கேயே இருப்பதைக் காண்பார்கள். தடம் என்ற கருத்தை ஏற்கிறோமோ இல்லையோ, ஊசி போய்ச் சேரும் இடம் சரியான இடம்.

அந்தத் தடத்தில் முக்கியமான புள்ளி எஸ்.டி. 36. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். அங்கிருந்து நோயாளியின் நான்கு விரல் அகலம் கீழே, எலும்பு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே. இரண்டாவது ஜி.பி. 34; முன்பு சொன்ன எலும்பு முண்டுக்குச் சற்று முன்னும் கீழும் உள்ள பள்ளம். கணுக்கால் மடிப்பின் நடுவில் எஸ்.டி. 41. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே மேலேறிப் போனால் எல்.ஆர். 3. கோளாறு முதுகில் என்றால் இடுப்புப் புள்ளிகளும், கெண்டைக்கால் என்றால் முழங்கால் மடிப்பின் நடுவிலும் கெண்டையிலும் உள்ள புள்ளிகளும் சேரும். பக்கவாதத்துக்குப் பிறகு வந்த தளர்ச்சிக்குச் சிலர் உச்சந்தலையிலும் ஊசி போடுவார்கள்.

இவற்றை இங்கே எழுதுவது சிகிச்சையாளர் செய்வது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. விரலால் அழுத்திவிடலாம், வீட்டில் யாரும் ஊசியைத் தொட வேண்டாம்.

ஊசி முடியைவிடத் தடிமனானது. சாதாரணமாகக் கால் மில்லிமீட்டர் கனம். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைப்பார்கள். குத்தும்போது எறும்பு கடித்ததுபோல ஒரு நொடி. பிறகு உள்ளே கனமாக, இழுப்பதுபோல ஒரு உணர்வு பரவும். அது வரவேண்டியதுதான். சுளீரென்று கரண்ட் அடித்ததுபோல் பாதம் வரை ஓடினால் ஊசி நரம்பைத் தொடுகிறது என்று பொருள். பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள், கொஞ்சம் வெளியே இழுப்பார். பாதத் தொய்வுக்கு எஸ்.டி. 36க்கும் ஜி.பி. 34க்கும் இடையே கிளிப் மாட்டி மெல்லிய மின்துடிப்பு விடுவது உண்டு. டயலை மெதுவாகத் திருப்பத் திருப்ப, பல நாளாக அசையாத பாதம் நொடிக்கு ஓரிரு முறை மேல்நோக்கித் துள்ளும். அதைப் பார்த்து வீட்டார் கண் கலங்குவது இயல்புதான். ஆனால் அது கருவி அசைப்பது; நரம்பு மீண்டுவிட்டது என்று எண்ணக்கூடாது. பாதம் துள்ளும்போது நோயாளியும் சேர்ந்து தூக்க முயல வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கிற சிகிச்சையாளர் கிடைத்தால் விடாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின்துடிப்பு கூடாது.

இருபது முதல் முப்பது நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்பது வழக்கம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்தால் மயக்கம் வரும். முடிந்ததும் கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து, கணுக்காலை நாலு முறை ஆட்டிவிட்டு எழுந்திருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? வலியில் இதன் பயன் ஓரளவு நிறுவப்பட்டது. நாள்பட்ட முதுகுவலி, முழங்கால் தேய்மான வலி உள்ளவர்கள் வலி குறைவதாலேயே கூடுதலாக நடக்கிறார்கள். தசை வலு திரும்புவதில் சான்று மெலிந்தது. பக்கவாத மறுவாழ்வு பற்றிய 31 ஆய்வுகளை, மொத்தம் 2,257 பேரை, காக்ரேன் குழு 2016இல் தொகுத்துப் பார்த்தது. நன்மை இருக்கக்கூடும் என்றது. ஆய்வுகளின் தரம் போதாது என்பதையும் சேர்த்தே சொன்னது. அதனால் உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யுங்கள், அதற்குப் பதிலாகச் செய்யாதீர்கள்.

மரத்த பாதத்துக்குத் தனி எச்சரிக்கை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் சர்க்கரை மருத்துவமனைப் பலகை தெரிகிற ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உணர்ச்சியில்லாத பாதத்தில் ஊசி நுழைந்த இடம் சீழ் பிடித்தாலும் வலிக்காது. புண், வெடிப்பு, கொப்புளம் உள்ள பாதத்தில் ஊசி வேண்டாம். மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் மாக்ஸாவை மரத்த காலில் அனுமதிக்கவே கூடாது. வெந்துபோவது நோயாளிக்குத் தெரியாது. வெந்நீர் ஒத்தடத்துக்கும் இதே விதி. சிகிச்சை முடிந்து வந்த இரவு, வீட்டில் ஒருவர் டார்ச் அடித்துப் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பார்த்துவிடுங்கள்.

யாரிடம் போவது

மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்று ஆணையிட்டது. அது முறைக்குக் கிடைத்த ஏற்பு. உங்கள் தெருவில் பலகை மாட்டியிருப்பவரின் பயிற்சிக்கு அதுவே சான்றாகிவிடாது. ஐந்தரை ஆண்டு படிக்கும் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா) பட்டத்தில் அக்குபங்சர் பாடமாக இருக்கிறது. அந்தப் பட்டம் பெற்றவரோ, பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவரோ என்றால் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். அரசு வழியில் அரும்பாக்கத்தில், அண்ணா இந்திய மருத்துவமனை வளாகத்தில், 2000ஆம் ஆண்டு தொடங்கிய அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அம்பத்தூர், ஆவடியிலிருந்து பஸ்ஸில் திருமங்கலம் வந்து மெட்ரோவில் அரும்பாக்கம் இறங்கினால் லிஃப்ட் உண்டு. ரயில் நிலைய மேம்பாலப் படிகளைவிட அது காலுக்கு நல்லது. அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை பஸ்ஸிலேயே வந்துவிடலாம்.

தனியார் கிளினிக் என்றால் முதலில் படியைப் பாருங்கள். நம் பக்கத்தில் நிறைய மையங்கள் வீட்டின் முதல் மாடியில், கைப்பிடி இல்லாத குறுகிய படிக்கு மேலே இருக்கின்றன. நடக்க முடியாதவர் வாரத்துக்கு மூன்று முறை ஏறி இறங்க வேண்டிய படி அது. தரைத்தளம் கிடைக்காவிட்டால் வேறு இடம் தேடுங்கள். ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். முடிந்ததும் அதற்கான டப்பாவில் போட வேண்டும். "உங்க ஊசியை எடுத்து வச்சிருக்கேன், அடுத்த தடவை இதையே போடலாம்" என்றால் வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பும் முறையும் பரவியிருக்கிறது. தொடுவதால் கெடுதல் இல்லை. அதோடு சேர்த்து "எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க, உடம்பு தானே சரிபண்ணிக்கும்" என்று சொல்லப்படும்போதுதான் உயிருக்கு ஆபத்து வருகிறது. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிரே போகலாம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால், எந்தக் காலுக்காகப் போனாரோ அந்தக் காலே பக்கவாதத்தில் முழுதாக விழலாம். மருந்தைக் குறைப்பதும் கூட்டுவதும் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரின் வேலை. இதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலுக்கும் தயாரில்லை.

ஊசி இல்லாத நாட்கள்

வாரத்தின் மற்ற நாட்களில் கால் என்ன செய்கிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கும். பாதத் தொய்வுக்கு ஏ.எஃப்.ஓ. என்ற இலகுவான பிளாஸ்டிக் தாங்கி, பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்திவைக்கும். கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் காலுக்கு அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். அதை வெட்கப்பட்டு மூலையில் வைப்பவர்கள்தான் அதிகம். பாதம் எப்போதும் தொங்கியே இருந்தால் குதிகால் தசைநார் சுருங்கி, பிறகு நரம்பு மீண்டாலும் பாதம் மேலே வராது. ஹவாய் செருப்பை விட்டுவிட்டு, பின்பக்கம் வார் உள்ள செருப்புக்கு மாறுங்கள். ஒரு பழைய துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுப்பதும், உட்கார்ந்தபடி விரல்களைத் தூக்குவதும் காலை மாலை நடக்கட்டும். வெளியே போக முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பலனை அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். முதல் ஊசிக்கு முந்தின நாள், பெருவிரல் எவ்வளவு தூக்குகிறது, நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது, வாசலிலிருந்து எந்த வீடு வரை நிற்காமல் நடக்க முடிகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துவையுங்கள். நரம்பு வளர்வது ஏறத்தாழ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். முழங்கால் அருகே நசுங்கிய நரம்பு தசையை மீண்டும் எட்டச் சில மாதங்கள் ஆகும். அது ஊசி இல்லாமலும் தானே நடக்கக்கூடியது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலிக்காகப் போனவர்கள் ஆறேழு அமர்வில் எந்த மாற்றமும் இல்லையென்றால் நிறுத்தலாம். வலுவுக்காகப் போனவர்கள் ஆறு வாரம் கழித்து அதே சோதனைகளைச் செய்து தாளோடு ஒப்பிடுங்கள். மாற்றம் தெரிந்தால் தொடருங்கள். தெரியவில்லையென்றாலோ, நடுவில் பலவீனம் கூடினாலோ, அந்தத் தாளையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். மீளவே மீளாத பாதத் தொய்வுக்கு, நன்றாக இருக்கும் வேறொரு தசைநாரைப் பாதத்தின் மேற்புறத்துக்கு மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. தொழுநோயாளிகளின் கால்களுக்கு அது வேலூரில் பல்லாண்டுகளாகச் செய்யப்பட்டுவருகிறது. அதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள்.